நுரைத்துவிட்ட போர் தண்ணி

காலை ஒன்பதே முக்காலுக்கு, நுரைக்கவே கூடாத பாட்டிலில் நுரை பொங்கி என் மணிக்கட்டில் வழிந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், ஆஸ்டின் டவுனில் நான் எட்டாவது படித்த வருடம். எங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் காவிரித் தண்ணீர் வரும். மற்ற நாட்களில் "போர் தண்ணி", அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். சோப்புத் துருவலைப் போட்டுக் குலுக்கினால் முதலாவது நுரைக்கும், இரண்டாவதில் சோப்பு திரிதிரியாகப் போகும். பள்ளி அறிவியல் கண்காட்சியில் அதைத்தான் நானும் வகுப்புத் தோழி நஸீமாவும் காட்டவிருந்தோம். பத்தரைக்கு வரும் நடுவர் தேர்ந்தெடுக்கும் ஒரே ஒரு புராஜெக்ட்தான் மாவட்டக் கண்காட்சிக்குப் போகும்; அது எங்களுடையதாக இருக்க வேண்டுமென்று சாப்பாடு இறங்காமல் அலைந்துகொண்டிருந்தோம்.

"உங்க வீட்டு தண்ணிக்கு என்னடி ஆச்சு? வேஷம் போடுதா?" என்றாள் நஸீமா.

அறிவியல் ஆசிரியை பத்மா மிஸ் யாருடைய புராஜெக்ட்டையும் தொடமாட்டார். கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு கேள்வி மட்டும் கேட்பார். எங்களுக்குள் அவர் "கைகட்டி மிஸ்". நுரை வராமலிருக்க உப்புக் கொஞ்சம் போட்டுவிடலாமா என்று நான் கெஞ்சியதையெல்லாம் கேட்டுவிட்டு, "நேத்து நுரைக்கல, இன்னிக்கு நுரைக்குது. நடுவுல அது எங்க இருந்துச்சு?" என்றார்.

வீட்டில்தான். ஆபீஸ் ரூம் போனிலிருந்து பக்கத்து வீட்டுக்கு அடித்து அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். பெரிய மனிதர்கள் பார்க்கப்போகும் தண்ணீர் என்று, குடிதண்ணீருக்குச் செய்வதுபோல அதையும் கொதிக்கவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி ஊற்றியிருக்கிறாள் அம்மா. பாத்திரத்து அடியில் வெள்ளையாகப் படிந்ததைத் தேய்த்துக் கழுவியதையும் பெருமையாகச் சொன்னாள்.

"அந்த வெள்ளைதான் நுரைய விடாம தடுத்துச்சா மிஸ்?"

"நீயே சொல்லிட்ட. மேசையில மூணாவது பாட்டிலுக்கு இடம் இருக்கா?"

மறுபடி போனுக்கு ஓடினேன்.

இன்று என் மகளின் பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில், எரிமலை முதல் காற்றாலை வரை செய்துதரும் கடைகளின் பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. போன வாரக் கண்காட்சியில் அவள் செய்த விளக்கு எரியவில்லை. நாலு பெரியவர்கள் பாய்ந்து ஒயரைப் பிடுங்கினார்கள். எங்கே தவறியது என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வருடம் எங்களைத்தான் மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். ஆனால் அன்று பத்தரைக்கு மூன்றாவது பாட்டில் காலியாகவே இருந்தது. நடுவர் மற்ற இரண்டையும் குலுக்கிவிட்டு, "ஏனம்மா, எரடூ ஒந்தேனா?" இரண்டும் ஒன்றுதானா என்று கன்னடத்தில் கேட்டார். ஐந்து நிமிடம் பொறுக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மிஸ் முதுகுக்குப் பின்னால் கோத்த கைகளைப் பிரிக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது புடவை முழங்கால்வரை நனைந்திருக்க, தூக்குவாளியோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள். நடுவர் யாரென்று தெரியாமல் அவர் கையிலேயே வாளியைக் கொடுத்து, "கொஞ்சம் புடிங்க சார். பச்சைத் தண்ணி. இந்தத் தடவ நான் ஒண்ணுமே செய்யல" என்றாள்.