பத்தொன்பதாவது சாமான்

அன்றைக்கு அந்த அறையில் நான் இருந்தேன். என் மனைவி இருந்தா. இன்சூரன்ஸ் அண்ணை இருந்தார். தரையில் விரித்த சாக்கின்மேல் என் சாமான்கள் இருந்தன. வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதைக்குக் கிட்ட ஒரு வாடகை அறை. ரயில் போகும்போதெல்லாம் குறடும் சுத்தியலும் மெல்ல நடுங்கும். உப்புக் காற்றில் எல்லாம் கொஞ்சம் மங்கலாகவே தெரியும்.

சண்டைக் காலம். நான் ஒருவருக்குக் கீழும் இல்லை, தனியாகக் கொந்தராத்து எடுத்து மின்சார வயரிங் வேலை செய்தேன். இன்சூரன்ஸ் இல்லாதவனுக்கு வேலை இல்லை என்று பம்பலப்பிட்டியில் ஒரு கட்டடக்காரர் சொல்லிவிட்டார். அதனால்தான் அண்ணையைக் கூப்பிட்டேன். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்தார். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதினார். வயர்ச் சுருள், பற்றரி, பெல் என்று ஒன்றையும் விடவில்லை. கடைசியில் என் காதில் செருகியிருந்த பென்சிலையும் எழுதினார்.

"அப்ப காதையும் எழுதுங்கோ அண்ணை," என்றா மனைவி.

"காதுக்கு வேற பொலிசி, தங்கச்சி."

பிறகு என்னிடம் சொன்னார். "சண்டையாலை வாற நட்டத்துக்கு ஒண்டும் தரமாட்டினம், தம்பி. கடைசிப் பக்கத்திலை கிடக்கு."

"பிறகேன் எடுக்கிறது?"

"ஏணியாலை விழமாட்டீரோ?"

போகிற இடமெல்லாம் காட்ட வேண்டும் என்பதால், முத்திரை குத்திய அந்தப் பட்டியலைச் சாமான் பையிலேயே வைத்திருந்தேன்.

ஒருநாள் இரத்மலானையில் வேலை முடித்துத் திரும்பும்போது சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். தமிழன் பையில் வயரும் பற்றரியும். என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். முந்தின மாதம் இப்படித்தான் என்னோடு வேலை செய்த ஒருவரைக் கொண்டுபோனார்கள். அவர் இன்னும் வரவில்லை. நான் பட்டியலை நீட்டினேன். அதிகாரி எல்லாவற்றையும் நிலத்தில் பரப்பச் சொன்னார். அவர் வாசிக்க வாசிக்க நான் தொட்டுக் காட்டினேன். அண்ணை எழுதிய அதே ஒழுங்கு. கனவில் நடப்பதுபோல இருந்தது. பதினெட்டில் நின்றது; தாளில் பத்தொன்பது இருந்தது.

"மற்றதை எங்கே வைத்துவிட்டு வந்தாய்?" சிங்களத்தில் கேட்டார்.

நான் பையைக் கவிழ்த்து உதறிக் காட்டினேன். அவர் தாளைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். கையை நீட்டி என் காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

"இதற்கும் இன்சூரன்ஸா?"

சிரிக்கவில்லை. திரும்ப என் காதிலேயே செருகிவிட்டு, போகச் சொன்னார்.

அண்ணையிடம் சொன்னேன். "அப்ப கிளெயிம் ஒண்டும் இல்லை," என்றார்.

இப்போது அண்ணை இல்லை. நான் ஏணி ஏறுவதில்லை. அந்த அறை இருந்த இடத்தில் மாடிக் கட்டடம் நிற்கிறது. மத்தியானத்தில் கண் அயரும்போது மட்டும் அந்தச் சாக்கு விரிகிறது. ரயில் போகிறது, சாமான்கள் நடுங்குகின்றன. அண்ணை வாசிக்கிறார். நான் ஓம், ஓம் என்று தலையாட்டுகிறேன். கடைசிக்கு முன்னால் நிறுத்தி என்னைப் பார்க்கிறார். நான் காதைத் தடவுகிறேன்.

பத்தொன்பது.