பதில் வராத பயணி

மலேசியாவின் கோல சிலாங்கூரில் ஒரு டயாலிசிஸ் நிலையம், நோயாளிகளை அழைத்துவரும் வேனுக்காக என்னிடம் ஒரு செயலி கேட்டது. அவர்கள் அனுப்பிய குறிப்பில், நோயாளி முந்தின நாளே போனில் வருகையை உறுதி செய்ய வேண்டும் என்றிருந்தது. உறுதி செய்யாவிட்டால்? அதை அடுத்த கூட்டத்தில் பேசிச் சொல்வதாகச் சொன்னார்கள். எனக்கோ பொறுமை இல்லை. பதில் தராதவர் பெயரை மறுநாள் வேன் பட்டியலிலிருந்து நீக்கிவிடும்படி நானே எழுதி முடித்துவிட்டேன்.

முதல் நாள் பெருமையோடு நானும் வேனில் ஏறினேன். ஜெராம் ஊரைத் தாண்டியதும் பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"டிரைவர் தம்பி, லெட்சுமி அக்கா ஏறலையே!"

"போன்ல பேர் இல்லண்ணே. வரலன்னு காட்டுது."

"வராம? அதுக்கு ரத்தம் யாரு சுத்தம் பண்ணுவா, உன் போனா? வேனத் திருப்புலா!"

தங்கள் நேரமும் தள்ளிப்போகும் என்று தெரிந்தே மற்றவர்களும் திருப்பச் சொன்னார்கள். போனில் லைன் கிடைக்காத அந்தத் தோட்டத்துச் சாலை முனையில், வீங்கிய கால்களோடு அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"என் தப்புதான்கா," என்றேன்.

"சரி சரி, நகந்து உக்காரு. கால நீட்டணும்."

வேனிலிருந்தே நிலைய நிர்வாகியை அழைத்து, பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"வீட்டுக்கே போய்ப் பாக்கணும் தம்பி. மயங்கிக் கெடந்தாலும் கெடப்பாங்க. யாரு போறதுன்னுதான் இன்னும் முடிவாகல."

ஏன் இப்படி இழுக்கிறார்கள் என்று முந்தின வாரம் அலுத்துக்கொண்டவன் நான். அக்காவின் பக்கம் திரும்பிப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.