கூடத் திரும்பினால் நம்ம ஆள்

தன் கல்யாணத்தன்று படம் எடுக்க எல்லோரையும் வரிசையாக நிறுத்தியபோதுதான் அண்ணி அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டாள். "கேப்டன் வராம ஒருத்தரும் அசையக் கூடாது" என்று மாப்பிள்ளை அடம்பிடித்தார். கப்பலிலோ விமானத்திலோ இருக்கிற பெரிய மனிதர் போலிருக்கிறது என்று மணப்பெண்ணான அவளும் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். வந்தது ஒல்லிக்குச்சியாக ஒரு நாத்தனார். அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டி.

கேப்டனுக்கு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிற வேலை. வயிற்றில் தடவுகிற குளிர்ந்த களிம்புப் புட்டியை அக்குளில் இடுக்கிச் சூடாக்கிக்கொண்டுதான் அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். "மூச்சை இழுங்க… நிறுத்துங்க… விடாதீங்க" என்று சொல்லிவிட்டு, படுத்திருக்கிறவரோடு சேர்ந்து தானும் மூச்சை அடக்கிக்கொள்வாள். ஒரு நாளைக்கு நாற்பது பேர் வந்தால் நாற்பது பேருக்கும் அப்படித்தான். வீட்டில் சுவரளவு டிவி இருக்கிறது. அதிலும் கலரை அடியோடு குறைத்து வைத்துவிட்டுத்தான் உட்காருவாள். "கலர் இருந்தா கண்ணு சோம்பேறி ஆயிடும் அண்ணி" என்பாள்.

வாயைத்தான் திறக்க மாட்டாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பயந்துபோயிருந்த ஒரு அம்மாளிடம் "ஒண்ணும் இல்லம்மா" என்று சிரித்துவிட்டாள். படத்தைப் பார்த்த டாக்டர் இருக்கிறது என்றார். அந்த அம்மாளின் முகத்தை அவள் இன்றுவரை மறக்கவில்லை. அன்று பூட்டிய வாய். யார் என்ன கேட்டாலும், "எனக்குப் பட்டன் அமுக்க மட்டும்தாங்க தெரியும். மீதியெல்லாம் டாக்டர் சொல்வார்." அவள் முகத்தைப் பார்த்துக் குறி சொல்லலாம் என்று எட்டிப் பார்க்கிறவர்கள், வெள்ளையடித்த சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

பட்டப்பெயர் வந்த கதையை அண்ணி புருஷன் வாயால் நூறு தடவையாவது கேட்டிருப்பாள். அவருக்குப் பத்து வயது, தங்கைக்கு ஏழு. விண்வெளிச் சண்டைப் படம் ஒன்றைத் தியேட்டரில் பார்த்துவிட்டு வந்து, ஒரு மாதம் தலையணையைத்தான் ராக்கெட்டாக ஓட்டினார்கள். பிறகு அப்பா யாரிடமோ பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்று வாங்கி வந்தார். அதோடு ஒரே கேசட், அதே படத்தின் விளையாட்டு. படத்தில் நம்ம கப்பல் நீலம், எதிரி கப்பல் சிவப்பு. வீட்டில் இருந்ததோ கறுப்பு வெள்ளை டிவி. நீலமும் சாம்பல், சிவப்பும் சாம்பல்!

"சொந்தப் படையையே சுட்டுத் தள்ளின தளபதி உலகத்திலேயே நான் ஒருத்தன்தான்" என்பார் அவர். நம்ம ஆளைச் சுட்டால் ஒரு உயிர் போய்விடும். இருந்ததே மூன்று உயிர். முதல் கட்டத்தைத் தாண்டவே முடியவில்லை. கேம் பெட்டியின் பிடியைத் தொடவும் தங்கைக்கு அனுமதி கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தவள் ஒரு நாள் சொன்னாள்: "அண்ணா, நீ திரும்பினா கூடவே திரும்புறான் பாரு, அவன் நம்மாளு. திரும்பாம அசையாம நிக்கிறவனைச் சுடு."

அன்று மூன்று கட்டம் தாண்டினார்கள். அன்றிலிருந்து அவள்தான் கேப்டன்.

வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. அம்மா மில்லில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குவாள். சத்தம் கேட்டால் விளக்குமாறு பறந்து வரும், அது விண்கலத்தைவிட வேகம். அதனால் அண்ணன் முழங்காலில் கேப்டன் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் சுடு. இரண்டு தட்டு என்றால் நம்ம ஆள், விட்டுவிடு.

போன வருஷம் அவருக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. "கல்லா இருக்கலாம். கட்டியாவும் இருக்கலாம். ஸ்கேன் எடுத்துடுவோம்" என்றார் டாக்டர். கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணி புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமனாரைக் கொண்டுபோனதும் வயிற்றுக் கட்டிதான்.

கேப்டனின் ஸ்கேன் அறையில் விளக்கை அணைத்தார்கள். அண்ணி சுவரோரம் நின்றாள்.

"மூச்சை இழு. நிறுத்து."

"கேப்டன், ஏதாவது தெரியுதா?"

"வாயை மூடிட்டுப் படு. பேசினா படம் ஆடும்."

"அண்ணன்கிட்ட கூடவா சொல்லக் கூடாது?"

"அண்ணனுக்குத் தனி ரூல் கிடையாது."

திரை முழுக்கச் சாம்பல். நடுவில் கறுப்பாக ஒரு பை, அதன் அடியில் பொட்டு மாதிரி ஒரு வெள்ளை. அண்ணி அதைப் பார்த்தாள், நாத்தனார் முகத்தைப் பார்த்தாள். சுவர்தான்.

"அண்ணா, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு."

கட்டில் கிரீச்சிட்டது. அவர் திரும்பும்போதே, "எதுக்கு? திரும்பினா என்ன?" என்று கேட்டவர், கேட்ட வாயோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. அண்ணிக்கும்தான். நூறு தடவை கேட்ட கதை அல்லவா? கல் என்றால் உருளும், கட்டி என்றால் ஒட்டிக்கொண்டு நிற்கும். திரையைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் அண்ணி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"மூச்சை இழு. நிறுத்து."

மூன்று பேருமே நிறுத்தினார்கள்.

அண்ணி கண்ணைத் திறந்தபோது கேப்டன் இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. வலது கை கருவியை வயிற்றில் அழுத்திப் பிடித்திருந்தது. இடது கை மட்டும் அண்ணன் முழங்காலுக்குப் போயிருந்தது. தட்டியது. மறுபடி ஒரு தட்டு.

"மூச்சை விடலாம்" என்றாள். "ரிப்போர்ட் டாக்டர் சொல்வார். அடுத்த ஆளை வரச் சொல்லுங்க அண்ணி."

அன்று சாயங்காலம் டாக்டரும் கல் என்றுதான் சொன்னார். அதை எடுத்தாகிவிட்டது. கேப்டன் அதே ஆஸ்பத்திரியில், தரைத்தளத்தில், மூன்றாம் அறையில் இன்னும் ஸ்கேன் எடுத்துக்கொண்டு இருக்கிறாள்.