சாவடிக்கு இந்தப் பக்கம்

ரொறன்ரோ கலைக்கூடம் ஒன்றில் பார்வையாளர்களுக்குப் படங்களை விளக்குவது என் வேலை. சென்ற வருடம் பழைய ஜப்பானிய நெடுஞ்சாலைப் பயணத்தைக் காட்டும் மரஅச்சுப் படங்கள் வந்திருந்தன. ஒன்றில், மலையடிவாரச் சோதனைச்சாவடியில் பயணிகள் அனுமதிச்சீட்டை நீட்டுகிறார்கள். நான் எப்போதும் மலையின் நீலத்தைப் பற்றித்தான் பேசுவேன்.

பக்கத்து நகரமான அஜக்ஸிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண் கேட்டார்: "அண்ணை, உந்தப் பாஸில போனவை திரும்பி வந்தவையோ?"

"படக்குறிப்பில ஒண்டும் இல்லை," என்றேன்.

போர்க்காலத்தில் ஊரைவிட்டு வெளியேற எனக்கும் பாஸ் கிடைத்தது. ஒரு மாதத்தில் நான் திரும்பிவிடுவேன் என்று எனக்காகத் தம்பி பிணை நின்றான்; நான் திரும்பும்வரை அவன் ஊரைவிட்டு வெளியேற முடியாது. நான் திரும்பவில்லை.

அந்தப் பெண் போனபின் படத்துக்குக் கிட்டப் போனேன். சாவடிக்கு இந்தப் பக்கம் ஒருவன் தனியாக உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை நான் ஒருவருக்கும் காட்டியதில்லை.