நாத்தனார் நாளைக் கண்டுபிடித்தவர்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பூக்கடை வைத்திருக்கும் ராசாங்கத்துக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாது. ஆனால் பஞ்சாங்கத்தின் மேல் தீராத கோபம் உண்டு. அது முகூர்த்தம் என்று சொன்னால் ஊரே மாலைக்கு வந்து நிற்கும். சொல்லாவிட்டால் காலையில் திருச்சி சந்தையிலிருந்து வந்து இறங்கிய பூ சாயங்காலம் மாட்டுக்குப் போகும். "எவனோ எங்கியோ உக்காந்து எழுதுறான், நம்ம பொழப்பு அவன் கையில இருக்கு" என்பார். அவருடைய அப்பா பூலாம்பாடியில் சம்பங்கி போட்டவர். மழையை நம்பிப் பிழைத்தார். மகன் நல்ல நாளை நம்பிப் பிழைத்தார். இரண்டும் சொன்ன நேரத்தில் வந்ததில்லை.

வருகிற நாள் போதவில்லை என்றால் வராத நாளை வரவழைக்க வேண்டியதுதான் என்று ராசாங்கம் ஒரு வருஷம் முடிவு செய்தார். முதலில் கை வைத்தது காதலர் தினத்தில். 'அன்புக்கு ஒரு ரோஜா' என்று போர்டு எழுதி, வாளி வாளியாகச் சிவப்பு ரோஜாவை வாசலில் நிறுத்தினார். ஆனால் அந்த பஸ் ஸ்டாண்டில் எந்த நேரம் பார்த்தாலும் யாருக்காவது ஒரு சித்தப்பா பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பார். பையன்கள் தூரத்திலேயே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவன் மட்டும் துணிந்து வந்து, "அண்ணே, சாமிக்கு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லி ஒரே ஒரு ரோஜா வாங்கினான். மிச்ச ரோஜா எல்லாம் மறுநாள் துறைமங்கலத்தில் இறந்துபோன ஒரு பெரியவரின் மாலைக்குப் போயிற்று. அவ்வளவு காதலோடு அந்தப் பக்கத்தில் யாரும் சுடுகாட்டுக்குப் போனதில்லை.

அடுத்தது மகளிர் தினம். ஒரு கம்பெனி ஆபீசில் பெண் ஊழியர்களுக்கு ஆளுக்கொரு ரோஜா என்று ஆர்டர் வந்தது. முள் எடுத்து, காம்பு நறுக்கி, தண்ணீர் தெளித்துக் கொண்டுபோய்க் கொடுத்தது ராசாங்கத்தின் மனைவி சிந்தாமணி. அங்கே ஒரு ரோஜா குறைந்துவிட்டது. மேனேஜர் தர்மசங்கடமாகச் சிரித்தார். சிந்தாமணி தன் தலையில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் கடைக்கு வந்தாள். வேலை கிடந்தது.

கடைசியில் ராசாங்கத்துக்கு ஞானம் வந்தது ஓர் ஆடி மாசத்தில். ஆடியில் கல்யாணம் கிடையாது. செவ்வாயையும் வெள்ளியையும் அம்மன் பார்த்துக்கொள்வாள், ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுவார்கள். புதன்கிழமைக்குத்தான் நாதி இல்லை. அப்படிப்பட்ட ஒரு புதனில் கடையில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், பஸ்ஸிலிருந்து இறங்கும் புதுப்பெண்களைப் பார்த்தார். ஆடிக்குப் பிறந்த வீடு வருகிறவர்கள். அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகிறான். கூப்பிட வந்த அண்ணி, இனி ஒரு மாசத்துக்கு யாருக்கெல்லாம் சேர்த்துச் சமைக்க வேண்டும் என்ற யோசனையோடு பின்னால் நடக்கிறாள்.

"சிந்தாமணி, ஆடிக்கு வூட்டுக்கு வர்ற பொண்ணு யாரு?" என்றார்.

"யாரு? அந்த வூட்டுப் பொண்ணுதான்."

"அந்த வூட்டு மருமவளுக்கு அவ யாரு? நாத்தனார். நாத்தனாருக்குன்னு ஒரு நாள் வேணாமா?"

சிந்தாமணி கட்டிக்கொண்டிருந்த பூவிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நாத்தனாருக்குப் பூவா? எவ வாங்குவா?"

"வாங்கலன்னா என்ன ஆவும்னு யோசி. வந்து எறங்குற பொண்ணு நம்ம போர்டைப் படிச்சிட்டுத்தானே வூட்டுக்குப் போவுது."

பிளெக்ஸ் அடிக்கிற விக்கிக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "காரணம் ஏதாச்சும் போடணுமேண்ணே" என்றான்.

"நம் முன்னோர் போற்றியன்னு போடு."

"எந்த முன்னோருண்ணே?"

"முன்னோரு வந்து கேக்கவா போறாங்க? போடுறா."

அப்படித்தான் 'நம் முன்னோர் போற்றிய நாத்தனார் நாள்' ஆடி மாசத்து இரண்டாம் புதனில் பிறந்தது. மருமகள் கையால் ஒரு முழம் பூ வைத்தால் வீட்டில் வருஷம் முழுக்க மனக்கசப்பு வராது என்று அதில் உறுதி சொல்லியிருந்தது. முதல் வருஷம் வாங்கியவர்களை எண்ணிவிடலாம். வாங்காத வீடுகளில் நாத்தனார்கள் அதை மறக்கவில்லை. அதனால் அடுத்த வருஷம் கூட்டம் வந்தது. வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மனைவி கையில் கொடுத்து, அவள் கையால் தங்கைக்கு வைக்கச் சொல்லி, அப்பாடா என்று வேலைக்குப் போனார்கள். வாட்ஸப்பில் யாரோ அதற்கு ஒரு சோழர் காலத்துக் கதையும் எழுதிவிட்டார்கள். ராசாங்கமே அதை இரண்டு தடவை படித்தார். இருக்கலாம் என்று அவருக்கும் தோன்றியது.

இவ்வளவும் செய்தவர் ஒன்றை மட்டும் வசதியாக மறந்திருந்தார். அவருக்கும் ஓர் அக்கா உண்டு, பெயர் ஜெகதாம்பாள். திருமழபாடியில் வாழ்க்கைப்பட்டவள். ராசாங்கத்தின் மகள் அபிநயாவுக்குக் காது குத்தியதிலிருந்து அக்காவுக்கும் சிந்தாமணிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அக்கா விசேஷத்துக்கு வரவில்லை. வராததற்குக் காரணம் இன்னதுதான் என்று ஆளுக்கொரு கதை தெரிந்திருந்தது. அபிநயா இப்போது திருச்சியில் காலேஜ் படிக்கிறாள்.

மூன்றாவது வருஷம் நாத்தனார் நாள் அன்று கடைவாசலில் நிற்க இடமில்லை. விக்கி செல்போனைத் தூக்கிப் பிடித்து விளம்பரத்துக்காக வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். அரியலூர் பஸ்ஸிலிருந்து பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள் இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகப் பிளெக்ஸுக்குக் கீழே வந்து நின்றாள்.

"டேய் ராசாங்கம்! ஊருல இருக்கிற நாத்தனாருக்கெல்லாம் பூ வெக்கச் சொல்றியாமே. திருமழபாடிக்கு பஸ் கெடையாதா?"

ராசாங்கத்தின் கையில் இருந்த வாழையிலை நழுவியது. உள்ளே உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்த சிந்தாமணி நாரை நிறுத்தினாள். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும், சொல்லிவைத்தாற்போல, அவளைப் பார்த்தார்கள்.

ராசாங்கம் குனிந்து அவள் காதில் சொன்னார். "ஒரு முழம் வெச்சு வுட்டுரு. யாவாரம்."

"யாவாரத்துக்கா?"

"பின்ன? எல்லாரும் பாக்குறாங்கடி."

சிந்தாமணி எழுந்தாள். விலைக்குக் கட்டி வைத்திருந்ததைத் தொடவில்லை. உதிரியாக வந்த நல்ல மல்லியில், தனக்கென்று காலையில் கட்டி ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த சரத்தை எடுத்தாள். "திரும்புங்க, அண்ணி" என்றாள். ஜெகதாம்பாள் திரும்பினாள். கொண்டை நரைத்துச் சின்னதாகியிருந்தது. ஊசி குத்தும்போது சிந்தாமணியின் கை ஒரு கணம் அங்கேயே நின்றது.

"ஒத்தப் பொண்ணு காதுகுத்துக்கு வரமாட்டேன்னு சொல்லி வுட்டீங்களே அண்ணி" என்றாள், மெதுவாக.

ஜெகதாம்பாள் சடாரென்று திரும்பினாள். "நானா? நீதானே, பத்திரிகையெல்லாம் வேணாம், வந்தா வரட்டும்னு சொன்னியாம்?"

"நான் எப்ப சொன்னேன்? யாரு சொன்னா?"

இருவரும் ஒரே சமயத்தில் ராசாங்கத்தைப் பார்த்தார்கள். ராசாங்கம் யாரும் கேட்காத ஒரு மாலையை மும்முரமாகப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்.

நடந்தது வேறொன்றுமில்லை. அந்தக் காதுகுத்துக்கு முந்தின வாரம் முழுக்க முகூர்த்தம். மாலை ஆர்டரை விட்டுவிட்டுத் திருமழபாடி போய் அக்காளை நேரில் அழைத்துவிட்டு வர ராசாங்கத்துக்கு மனம் வரவில்லை. இந்தப் பக்கம் ஒன்று சொன்னார், அந்தப் பக்கம் ஒன்று சொன்னார். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தார். அப்புறம் இன்னொரு முகூர்த்தம் வந்துவிட்டது.

"பூ வெச்ச ஒடனே பேச்சு வந்துடுச்சு பாத்தியா!" என்று வரிசையில் யாரோ சிலிர்த்துப்போய்ச் சொன்னார்கள். சிந்தாமணி நார்க்கட்டை வைத்துவிட்டு, நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். கடையை யார் பார்ப்பது என்று ராசாங்கம் கேட்டது அவர்கள் காதில் விழவில்லை. பொழுது சாய்வதற்குள் விக்கியின் வீடியோ கல்லங்குறிச்சி வரைக்கும் போய்விட்டது. 'நாத்தனார் நாள் நடத்திய அதிசயம்' என்று தலைப்புப் போட்டிருந்தான். அன்றைக்குப் பூ போதாமல் துளசிக்கட்டுகூட விற்றது.

அன்றிலிருந்து ஜெகதாம்பாள் மாசத்துக்கு ஒரு தடவை வருகிறாள். வந்தால் லேசில் போவதில்லை. ராசாங்கம் அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து சொன்ன பொய்களை அக்காள் எடுத்துக் கொடுக்க, கல்யாணத்துக்குப் பிறகு சொன்னதை மனைவி தொடர, இருவரும் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சாம்பாருக்காகக் காத்திருக்கும்போது, வீட்டில் மனக்கசப்பு இருந்த காலம் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று ராசாங்கத்துக்குத் தோன்றும். வெளியே சொல்ல முடியாது. பிளெக்ஸில் வேறுமாதிரி போட்டிருக்கிறது.

போன ஆடியில் இன்னொரு இடி. அரியலூரில் ஸ்வீட் கடை வைத்திருக்கும் முருகையன், நாத்தனார் நாள் உண்மையில் மூன்றாம் புதன்தான் என்றும், பூ வாடும், உறவும் வாடும், ஆகவே இனிப்புத்தான் முறை என்றும் பிளெக்ஸ் வைத்துவிட்டார். அடித்துக் கொடுத்தவன் விக்கிதான். ராசாங்கம் கடையை அடைத்துவிட்டு அரியலூருக்கு பஸ் ஏறினார்.

"யோவ், இந்த நாளையே நான்தான்யா கண்டுபுடிச்சேன்!"

முருகையன் பதில் சொல்வதற்குள், லட்டு நிறுத்து வாங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் திரும்பினாள். "நாளுகெழமையை யாராச்சும் கண்டுபுடிப்பாங்களா? நல்லா இருக்கே. எங்க மாமியா காலத்துலேருந்து செஞ்சிக்கிட்டு வர்றோம்."

"எந்த ஊருங்க நீங்க?"

"ஒடயார்பாளையம். எங்க ஊருல பூவெல்லாம் வெக்கிற வழக்கமில்லீங்க. அது இப்ப யாவாரத்துக்காகக் கெளப்பி வுட்டது."

முருகையன் ஒரு தட்டில் ஜாங்கிரி வைத்து நீட்டினார். "உக்காருங்க. கோவிச்சுக்காதீங்க. மூணாவது புதன் எனக்கு இருக்கட்டும், ரெண்டாவதை நீங்க வெச்சுக்குங்க. ஐப்பசிக்குக் கொழுந்தனார் நாள்னு ஒண்ணு யோசிச்சிருக்கேன். மாலை போட்டுடலாமா?"

ராசாங்கம் ஜாங்கிரியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார். ஐப்பசியில் மழை, சாமந்தி தண்ணீர் குடித்து அழுகும், தள்ளிவிட ஒரு நாள் கிடைத்தால் நல்லதுதான். அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது. சிந்தாமணி.

"அரியலூர்லதானே இருக்கீங்க? அண்ணி வந்திருக்காங்க. நாளைக்கு மூணாவது புதனாமே, வெறுங்கையோட வராதீங்க. அவங்களுக்கு மைசூர்பாகுதான் புடிக்கும்."

அவர் தட்டை வைத்துவிட்டு எழுந்து, உடையார்பாளையத்து அம்மாளுக்குப் பின்னால் போய் நின்றார்.