கராஜின் வெளிச்சத்தை மறைக்கச் சொன்னவர்

நீங்கள் பொய் சொன்னீர்கள். வெளிச்சத்தை மறைக்கச் சொன்னது நீங்கள். பொலிஸ் கேட்டபோது எனக்கொன்றும் தெரியாது என்றதும் நீங்கள். அதனால்தான் என் தம்பியை ஜீப்பில் ஏற்றினார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். ஆனால் அவன் எதையோ ஒளித்து வைத்திருந்தவன் என்ற பேச்சு இன்றுவரை அவனை விடவில்லை. அதைத் துடைக்கக்கூடிய ஆள் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் உங்கள் மாடிவீடு. நீங்கள் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றவர். மேலே நீங்களும் மனைவியும். கீழே பின்னறையில் நானும் தம்பியும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்களுக்கு அந்தச் சண்டைக் காலத்தில் கொழும்பில் ஒரு அறை கிடைத்ததே பெரிய காரியம். நீங்களும் எங்கள் ஊர் என்பதால் தந்தீர்கள். காரை விற்றுவிட்டதால் முன்பக்கக் கராஜ் சும்மா கிடந்தது. நான் தைப்பதற்கு அதையும் வாடகைக்கு விட்டீர்கள். வாய்ப்பேச்சில்தான். கொழும்பில் தங்கும் தமிழர் பொலிசில் பதிய வேண்டும்; அந்தப் பதிவில் எங்களுக்குப் பின்னறை மட்டும். கராஜில் தொழில் நடக்கிறது என்று தெரிந்தால் மாநகரசபைக்காரன் வருவான், கரண்டுக்குக் கடைக் கணக்குப் போடுவான் என்று உங்களுக்குப் பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. பயமில்லாத தமிழன் அப்போது கொழும்பில் எங்கே இருந்தான்?

கராஜ் பகலிலும் இருட்டு. இரட்டை மரக் கதவைத் திறந்து வைக்க நீங்கள் விடவில்லை. கூரைக்குக் கீழே காற்றுக்கு ஒரு சிமெந்துக் கிறில், அவ்வளவுதான். நடுவில் ஒரு நூறு வோட் பல்ப் தொங்கியது. அது என் தலைக்குப் பின்னால் எரிய, என் நிழலே என் ஊசியில் விழுந்தது. சூடு வேறு. கழுத்து வியர்வை துணியில் விழாமல் இருக்கத் தோளில் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு தைத்தேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அம்மா மகளின் கலியாணச் சாறிக்குச் சட்டை தைக்கத் தந்தார். எடுத்துப்போக வந்தவர் அதைத் தூக்கிப் பிடித்தார்.

"இது என்ன நிற நூல்? சொல்லும் பாப்பம்."

"அரக்கு, அம்மா."

"அப்படியே? வெளியில வந்து சொல்லும்."

ஒழுங்கைக்குப் போய்ப் பார்த்தேன். அரக்குச் சட்டை முழுக்கப் பிறவுண் நூல் ஓடியிருந்தது. மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

"கண் தெரியாட்டிக் கண்ணாடி போடும். எங்கட பிள்ளையின்ர கலியாணத்தில பழகாதையும்" என்று சொல்லிவிட்டு, பிரித்துத் தைக்கும்வரை ஸ்ரூலில் இருந்து முறைத்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கோபம் அவரில் வரவில்லை. பல்பில் வந்தது. அன்றைக்கே அதை மாற்ற வேண்டும் என்று நின்றேன்.

தம்பி அப்போது பம்பலப்பிட்டியில் மின்வேலைப் படிப்பு ஒன்று படித்துக்கொண்டிருந்தான். மற்றப்படி அறைக்குள் இருப்பான். வெளியே போனால் பொலிசும் ஆமியும் மறிப்பார்கள், உள்ளே இருந்தால் அவனுக்கு இருக்கத் தெரியாது. நடப்பான். நான் தைக்க அவன் கராஜின் நீளத்துக்கு நடப்பான். எனக்கும் இருப்புக் கொள்ளாது. காலி வீதியில் ஜீப் சத்தம் கேட்டால் மெஷின் மிதியிலிருந்து கால் தானாக எழும்பிவிடும். இந்த வெளிச்ச வேலை வந்ததும் இரண்டு பேருக்கும் நினைக்க வேறொன்று கிடைத்தது.

காலி வீதியில் மின்சாமான் கடை வைத்திருந்த, நாங்கள் நாநா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணரிடம் போனோம். நான் பையில் துணித்துண்டுகள் கொண்டு போயிருந்தேன். கறுப்பு, நேவி புளூ, அரக்கு, கரும்பச்சை. ஒவ்வொரு விளக்காகப் போடச் சொல்லி, கீழே துண்டுகளை விரித்துப் பார்த்தேன்.

"புள்ள, இது துணிக்கட இல்ல" என்றார் நாநா.

"எனக்குக் கறுப்பும் நேவியும் வேற வேறயாத் தெரியவேணும், நாநா. மற்றது, மேலை இருக்கிற வீட்டுக்காரர் மீற்றரைப் பாத்துக்கொண்டு நிப்பார். கரண்டும் குடிக்கக்கூடாது."

"அப்ப நூறு வோட் பல்ப கழட்டி வைங்க. அதுல பாதிக்கு மேல சூடுதான். முட்ட பொரிக்க ஓணும்னா திரும்பப் போடுங்க."

அப்போதுதான் சி.எஃப்.எல். பல்புகள் கடைகளுக்கு வந்திருந்தன. விரல் விரலாக மடித்த சின்னக் குழாய். போட்டவுடன் மங்கலாக எரிந்து, கொஞ்சம் பொறுத்துத்தான் வெளித்தது. கறுப்பும் நேவியும் பிரிந்து தெரிந்தன. ஆனால் ஒன்று கராஜ் முழுவதற்கும் காணாது. நாலடி ரியூப் லைற் காணும். நாநா பழைய மாதிரி, பாரமான சோக் உள்ள ஒன்றை எடுத்து வைத்தார். தம்பி வேண்டாம் என்றான்.

"அது இரையும், நாநா. சோக்கே தனியாக் கரண்ட் தின்னும். மற்றது, அந்த வெளிச்சம் துடிக்கிறதில ஓடுற மெஷின் சில்லு நிண்ட மாதிரித் தெரியும். அக்கா கையை விட்டிடுவா. எலெக்ற்றோனிக் சோக் இருக்கோ?"

"தம்பி எஞ்சினியரோ?"

"இல்லை நாநா, பயந்தாங்கொள்ளி" என்றேன் நான்.

நாநா சிரித்துக்கொண்டு உள்ளேயிருந்து எடுத்துவந்தார். கையில் பாரமே தெரியாத சோக். இரண்டு நாலடி ரியூப்பும், ஊசிக்குப் பக்கத்தில் வைக்க ஒரு சின்ன சி.எஃப்.எல்.லும் வாங்கினோம். எல்லாம் சேர்த்தும் அந்த ஒரு பல்பு தின்றதைவிட மிச்சமாகத் தின்னாது என்று தம்பி சத்தியம் பண்ணினான்.

முதலில் சுவருக்கு வெள்ளை அடித்தோம். வெள்ளைச் சுவர் பாதி விளக்குக்குச் சமம் என்றான். ரியூப் இரண்டையும் நடுவில் கட்டாமல், என் முன்னால் இடப்பக்கம் ஒன்றும், வெட்டுகிற மேசைக்கு மேலே ஒன்றும் கட்டினான். சுவிச்சைத் தட்டினான். நான் என் கைகளைப் பார்த்தேன். நகத்துக்குள் இருந்த நூல் தும்புகூடத் தெரிந்தது. நிழல் எங்கேயும் இல்லை. "அக்கா, இப்ப பிழையாத் தைச்சா உன்ர தலையிலதான் பிழை" என்றான். அன்றைக்கு அவன் நடக்கவில்லை. வெட்டுகிற மேசையில் ஏறி இருந்து காலை ஆட்டிக்கொண்டு கதைத்தான்.

பிறகு நீங்கள் இறங்கி வந்தீர்கள். முதலில் மீற்றருக்கு முன்னால் நின்றீர்கள்.

"இது பம்பரம் மாதிரிச் சுத்துதே, பிள்ளை."

"அது உங்கட பிரிஜ், ஐயா" என்றான் தம்பி. மெயின் சுவிச்சில் கராஜின் கரண்டை நிற்பாட்டிக் காட்டினான். மீற்றரின் தட்டு அப்படியேதான் சுற்றியது. நீங்கள் ஒழுங்கைக்கு இறங்கிப் போய்த் திரும்பி வந்தீர்கள்.

"ரோட்டில இருந்து பாத்தா கலியாண வீடு மாதிரிக் கிடக்கு. கிறிலாலையும் வருது, கதவு நீக்கலாலையும் வருது. ஒரு சொட்டு வெளிச்சமும் வெளியில தெரியக்கூடாது. மறையும்."

இதை நீங்கள் சொன்னீர்கள். கராஜ் வாசலில் நின்று, வெள்ளைச் சாரமும் பெனியனுமாக, பொழுதுபடுகிற நேரம், எங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள். நாங்கள் ஏன் என்று கேட்கவில்லை. விளக்கை மறை என்றால் எங்கள் ஆட்களுக்கு ஏன் என்று கேட்கத் தெரியாது. ஊரில் குண்டுபோட வரும் விமானச் சத்தம் கேட்டால் கேள்வியா கேட்டோம்? போத்தல் விளக்கின் மேல் கடதாசி மட்டையைக் கவிழ்ப்போம். யன்னலுக்குச் சாக்குக் கட்டுவோம். கை தானாகச் செய்யும். கொழும்பில் மறைத்த விளக்குத்தான் ஆபத்து, எரிகிற விளக்கில்லை என்று எங்களுக்குப் படவே இல்லை. யாழ்ப்பாணத்து ஆட்கள் மட்டும் விடக்கூடிய பிழை அது. கொழும்பிலேயே உத்தியோகம் பார்த்த உங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கறுப்பு லைனிங் துணியை இரண்டு மடிப்பாக்கி, ஓரம் அடித்து, கொக்கி வைத்துத் தைத்தேன். கிறிலுக்கு ஒன்று. கதவுக்கு உள்பக்கமாக நீளத்தில் ஒன்று. கதவின் கீழ் இடைவெளிக்குப் பழைய துணி திணித்த உருளை. நீங்கள் மறுபடி ஒழுங்கைக்குப் போய்ப் பார்த்து வந்து என்ன சொன்னீர்கள்?

"ஆ, இப்ப சரி. கராஜுக்குள்ள ஒரு சீவனும் இல்லாத மாதிரிக் கிடக்கு."

அந்த வசனத்தை நான் மறக்கவில்லை.

சுற்றிவளைப்பு விடிந்தும் விடியாத ஒரு காலை நேரத்தில் வந்தது. வீடு வீடாக வந்தார்கள். பொலிசும் ஆமியும். பதிவையும் அடையாள அட்டைகளையும் பின்னறையில் பார்த்தார்கள். எல்லாம் சரி. நான் அங்கேதான் அட்டையோடு நின்றேன். தம்பியின் அட்டையும் என் கையில். அவன் கராஜில். கடற்காற்றில் ரியூப்பின் முனைப்பிடி துருப்பிடித்து ஒன்று எரியாமல் போனதால் அதைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"இன்னொரு ஆள் எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டார்கள். கராஜைக் காட்டினேன். வெளியே இருந்து பார்த்தால் பூட்டிக் கிடக்கும் இருட்டுக் கராஜ். ஒரு ஆமிக்காரப் பெடியன் கதவைத் தள்ளினான். கதவு திறந்தது, துணி தடுத்தது. துணியை இழுத்தான். வெள்ளை வெளிச்சம் அவன் முகத்தில் அடித்தது. அவன் பின்னால் பாய்ந்து துவக்கை நீட்டினான். உள்ளே மேசைமேல் என் தம்பி, ஒரு கையில் வயர், மறு கையில் சோக். பார்க்கிறவனுக்கு அது என்னவாகத் தெரியும்?

பொறுப்பான பொலிஸ்காரர் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். மெஷினைப் பார்த்தார், சட்டைகளைப் பார்த்தார், கறுப்புத் துணியை விரலால் தடவி இரண்டு மடிப்பு என்பதைப் பார்த்தார். "மேக்க மொகடத?" என்றார். இது எதற்கு? தம்பிக்குச் சிங்களம் வாயில் வரவில்லை. நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். வீட்டு மாத்தயா மறைக்கச் சொன்னார்.

உங்களைக் கூப்பிட்டார்கள். படியில் பாதி இறங்கி, கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நீங்கள் மறைக்கச் சொன்னீர்களா என்று அவர் நேரே கேட்டார். உங்களுக்கு எங்களைவிட நூறு மடங்கு நல்ல சிங்களம் தெரியும். ஓம் என்ற ஒரு சொல் போதும்.

"மம தன்னே நெஹெ, மாத்தயா" என்றீர்கள். எனக்குத் தெரியாது, ஐயா.

பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார். அதோடு நான் பொய் சொன்னவளானேன். தம்பி மறைத்தவனானான்.

அவனைக் கொண்டுபோன பிறகு படியேறி வந்து உங்கள் கதவில் நின்றேன்.

"ஐயா, ஸ்ரேசனுக்கு வந்து ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

"நான் அதுக்குள்ள போனா கராஜ் வாடகைக் கதை வரும், பிள்ளை."

"வரட்டும். அவன் உள்ளுக்க கிடக்கிறான்."

"பொறுமையா இரும். ஒண்டும் இல்லாட்டி விடுவாங்கள்தானே."

ஒண்டும் இல்லாட்டி! மழைக்காலம் முழுவதும் அவனை வைத்திருந்தார்கள். ஒன்றும் இல்லை என்றுதான் விட்டார்கள். ஆனால் உங்கள் அந்தச் சொல் அவனுக்கு முன்னால் ஒழுங்கைக்கு வந்துவிட்டது. ஒண்டும் இல்லாமல் ஏன் கறுப்புத் துணி? ஒண்டும் இல்லாமல் ஏன் வீட்டுக்காரருக்கே தெரியாது? கேட்டது சிங்களவர் இல்லை. எங்கள் சொந்தக்காரர். அவனுக்குப் பேசிவந்த கலியாணம் அதில் நின்றது. அடுத்ததும் நின்றது. நாங்கள் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். கதையும் பின்னால் வந்தது. சண்டை முடிந்தும் அது முடியவில்லை. அவன் லிப்ற் திருத்துகிற வேலை செய்கிறான், நன்றாகச் செய்கிறான், தனியாக இருக்கிறான்.

போன மாதம் வெள்ளவத்தை மண்டபத்தில் எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டம். உங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நீங்கள் மைக்கைப் பிடித்து, "அந்தக் கெட்ட காலத்தில எங்கட பிள்ளையளை என்ர வீட்டில வைச்சுக் காப்பாத்தினனான்" என்றீர்கள். கை தட்டினார்கள். எனக்கு முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்: "அப்ப அந்தக் கராஜ்ப் பெடியன்?" மற்றவர் சொன்னார்: "அது வேற. அவன் ஏதோ ஒளிச்சு வைச்சிருந்தவனாம்."

தம்பி எனக்குப் பக்கத்தில் இருந்தான். எழும்பிப் போய்விட்டான்.

கூட்டம் முடிந்ததும் உங்களிடம் வந்தேன். காதோடு சொன்னீர்கள்: "பழசைக் கிளறாதையும். எனக்கும் வயசு போட்டுது."

வயது எனக்கும் போகிறது. அவனுக்கும் போகிறது. என் காதோடு இனி ஒன்றும் சொல்ல வேண்டாம். கடிதம் எழுத வேண்டாம், ஆள் விட வேண்டாம், மன்னிப்பும் எனக்கு வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கும் அதே ஆட்கள் வருவார்கள். நானும் தம்பியும் வருவோம். மைக்கைப் பிடியுங்கள். அந்தத் துணியைக் கட்டச் சொன்னது யார், தெரியாது என்றது யார், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். சொல்வீர்களா, இல்லையா?