காலிப் பெட்டிக்குள் மூச்சு

கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு வருத்தமில்லை. இது நடுராத்திரியில் நடக்கவில்லை, சுடுகாட்டிலும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், மணி இரண்டு நாற்பது.

ஆராய்ச்சிக்கூடத்தில் முயல்களுக்குத் தீனி வைப்பது என் வேலை. மொத்தம் ஆறு முயல்கள். குட்டியாக இருக்கும்போதே வலது பக்க விலா எலும்புகளைச் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். நெஞ்சுக்கூடு கோணலாக வளரும், நுரையீரல் விரிய இடமிருக்காது. பிறகு கட்டைப் பிரித்து, விலாவை விரித்துவிட்டு, மூச்சு திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். அதற்கு ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. முயலை உள்ளே வைத்தால் அதன் மூச்சுக்கு ஏற்பக் காகிதச் சுருளில் கோடு ஏறி இறங்கும். எனக்கு இதில் தனி அக்கறை. என் மகளுக்குப் பிறவியிலேயே விலா அப்படித்தான். எட்டு வயசு, மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவாள்.

"அண்ணா, ஆறும் எப்படி ஓடுது பார்த்தீங்களா? பாப்பாவும் ஓடுவா" என்றார் டாக்டரம்மா. என்னைக் கூடப்பிறந்தவன் மாதிரி நடத்துபவர். அவர் சொன்ன ஆஸ்பத்திரியில், அதே முறையில், திங்கட்கிழமை ஆபரேஷன். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அதற்கு முந்தின நாள்தான் இது. பூட்டைத் திறக்கும்போதே உள்ளே சத்தம். டிக்... ஸ்ர்ர்... டிக்... ஸ்ர்ர்... பெட்டியின் கோடு ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் புண்ணியவான் முயலை உள்ளேயே விட்டுப்போனானோ என்று திட்டிக்கொண்டே மூடியைத் தூக்கினேன்.

காலி.

கண்ணாடியின் உட்பக்கம் மட்டும் மூச்சுப்பட்ட ஈரம். கோடு நிற்கவில்லை. முயல் நிமிஷத்துக்கு முப்பது தடவையாவது மூச்சு விடும். கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். இருபத்திரண்டு. பாதி ஏறி... திணறி... இறங்கியது.

கடிகாரத்தில் மணி 2.47. கோடு அப்படியே படுத்துவிட்டது. சுருளைக் கிழித்துப் பைக்குள் திணித்தேன்.

ஏதாவது முயல் தப்பித்துவிட்டதோ? கூண்டுகளைப் பார்த்தேன். ஆறும் இருந்தன. நான்காம் நம்பரைத் தூக்கினேன். விரல் விலாவில் பட்டது. தையல் தழும்பு இல்லை. கோணலும் இல்லை. ஆறையும் தடவினேன்... ஒன்றுக்கும் இல்லை.

முயலைப் பார்க்காமல், கூண்டில் தொங்கும் அட்டையைப் பார்த்தே பழகிய மடையன் நான். மகளின் பரிசோதனைகளுக்காகப் பத்து நாள் லீவில் இருந்தேனே, அப்போது மாற்றியிருக்கிறார்கள்.

செத்த முயல்களைப் போட்டு வைக்கும் உறைபெட்டியைத் திறந்தேன். ஆறு பைகள். ஒன்று முதல் ஆறு வரை நம்பர்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஆறும் செத்துப்போச்சா?"

"அண்ணா... ரிப்போர்ட் போகணும்ணா. மனுஷங்களுக்கு அப்படி ஆகாது..."

"அண்ணான்னு கூப்பிடாதீங்க."

போனைத் துண்டித்தேன். என் பிள்ளை உயிரையே நம்பி ஒப்படைத்தேன் அந்தப் பெண்ணிடம்.

ஆஸ்பத்திரியில் மகளுக்குச் சளி, காய்ச்சல் என்று மட்டும் சொன்னேன். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். என் குழந்தை தப்பித்தால் போதும்.

வியாழக்கிழமை மகளின் எக்ஸ்ரேயைத் திரும்ப வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"உங்க பாப்பாவுக்குப் பதிலா திங்கட்கிழமை அடுத்த பையனை ஆபரேஷனுக்கு எடுத்தோம்" என்றாள் நர்ஸ். குரல் இறங்கியது. "நாலு பன்னிரண்டுக்குப் போயிட்டான்."

பைக்குள் அந்தச் சுருள் இன்னும் இருந்தது. அன்று அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. விரித்தேன். மூலையில் இயந்திரம் அச்சடித்த தேதி... திங்கட்கிழமை.

கோடு படுத்த இடத்தில்... 4.12.

வராந்தாவில் அந்தப் பையனின் அப்பா. பரிசோதனை நாட்களில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். வேகமாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பாவுக்குச் சளின்னு சொன்னாங்க. சரியானதும் இங்க கூட்டிட்டு வந்துடாதீங்க சார். தெரிஞ்சும் சொல்லாம விட்டா அந்தப் பாவம் என்னைச் சும்மா விடாது."